கம்பெனி அயிட்டம், ஸார்!

"ஒரிஜினல் வேணுமா ஸார், ஒரிஜினல் மாதிரி வேணுமா?"

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் (ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்) ஒரு கவுன்ட்டரில் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார்கள். கேட்ட பையனுக்கு இருபது வயது இருக்கும். நான் சாமான் வாங்கப் போன கார், அவன் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன கார்.

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"நூத்தி இருபது ரூபா."

பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. 'மாதிரி'யை வாங்கினேன். 120 ரூபாய் லாபம் என்று மனசுக்குள் வரவு வைத்துக்கொண்டேன். பக்கத்து டீக்கடையில் அந்த லாபத்தில் ஒரு சமோசா வேறு!

அந்த லாபம் ஏழாவது மாசம் கோடம்பாக்கம் பாலத்து இறக்கத்தில் கணக்குக் கேட்டது. அதற்கு வருகிறேன். முதலில் வண்டி.

எங்கள் வீட்டு வண்டி ஃபியட் 1100 டி. 1969 மாடல். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. இதே வண்டிதான் பிற்பாடு பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அப்பா தன் மேலதிகாரியிடம் 1986-ல் செகண்ட்ஹாண்டாக வாங்கினார். நான் அதற்கு மூன்று வருஷம் கழித்துப் பிறந்தேன். ஆக, வீட்டில் மூத்த பிள்ளை அதுதான். அம்மாவைக் கேட்டால், செல்லப் பிள்ளையும் அதுதான் என்பாள்.

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி போட்டது. ஐம்பது வயது தாண்டி, எஞ்சின், சேஸிஸ், பாடி எதையும் மாற்றாத வண்டி 'வின்டேஜ்'. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்றுதான் வெளியே எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக்கூடாது.

"கல்யாணத்துக்குப் போகாத கார் எதுக்குடா?" என்றார் அப்பா. விஷயம் அத்தோடு முடிந்தது. சாதா நம்பர் பிளேட், சாதா எஃப்.சி.

அந்தக் கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். நுங்கம்பாக்கத்தில் காலை முகூர்த்தம். வடபழனியிலிருந்து கிளம்பினோம். முன் சீட்டில் அப்பா, பட்டு வேட்டி. பின்னால் அம்மா, மடியில் சீர்த்தட்டு. கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்குகிறோம். அடியில் ஒரு மாநகரப் பேருந்து நிற்கிறது. பிரேக்கை மிதித்தேன்.

வழக்கமாகப் பாதி வழியில் கல் மாதிரி நிற்கும் பெடல், அன்று அல்வாவில் காலை வைத்த மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் அல்வா. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரைப் பிடித்து ரெண்டாவதுக்குத் தள்ளி, ஹாண்ட்பிரேக்கை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்து... எப்படி நின்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண்.

அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். அம்மாவை இறக்கினார். சீர்த்தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு ஆட்டோவை நிறுத்தினார். "நீ பாயைக் கூப்பிட்டு வண்டியை எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான். நாற்பது வருஷத்தில் அப்பா அந்தக் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பாய் எங்கள் மெக்கானிக். அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிக்கு அவர்தான் குடும்ப டாக்டர். வந்தார். குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்தார். "இடது பின் சக்கரம் நனைஞ்சிருக்கு" என்றார். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரைப் பிரித்து, உள்ளேயிருந்த ரப்பர் கப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. ஓரம் மடங்கிக் கிழிந்திருந்தது. பிரேக் ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

"எண்ணெய் தப்பா ஊத்திட்டோமா பாய்?"

"நாலு சக்கரத்துக்கும் ஒரே பாட்டில் எண்ணெய், தம்பி. மூணு ரப்பர் நல்லா இருக்கு. நீ வாங்கிட்டு வந்தது மட்டும் இப்படி. அப்ப தப்பு எண்ணெய்லயா, ரப்பர்லயா? பி.காம்தானே, நீயே சொல்லு."

சொல்லவில்லை.

இந்தக் கப் ஒரு அல்ப சாமான். நெல்லிக்காய் அளவு இருக்கும். பெடலை மிதித்தால் எண்ணெய் குழாயில் ஓடி வந்து கப்பைத் தள்ளும். கப் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். ஏறக்குறைய 900 கிலோ வண்டி, அதற்குள் மூன்று பேர், ஒரு சீர்த்தட்டு, எல்லாம் அந்த நெல்லிக்காயின் ஓரத்தில் நிற்கிறது. பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு கப் கைவிட்டால் நாலும் கைவிடும். இப்போது வரும் கார்களில் வழியை ரெண்டாகப் பிரித்துவிட்டார்கள், ஒன்று போனால் ஒன்று நிறுத்தும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் என்ற வேறு ஜாதித் திரவம். அதைத் தாங்க அதற்கென்று உள்ள ரப்பர் வேண்டும். அந்த ரப்பரில் கிரீஸோ, எஞ்சின் ஆயிலோ, பெட்ரோலோ பட்டால் உப்பும். எண்ணெயைத் தாங்கும் வேறு ரப்பரில் கப் செய்து போட்டால் அது கிளைக்காலில் உப்பும். கண்ணுக்கு ரெண்டும் கறுப்பு. கவரில் ரெண்டுக்கும் ஒரே படம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் ஆராய்ச்சி.

முதலில் 'ஒரிஜினல்' என்ற வார்த்தை. வண்டி செய்த கம்பெனியே அந்த வண்டியை விட்டு கால் நூற்றாண்டுக்கு அருகில் ஆகப்போகிறது. அப்புறம் ஏது ஒரிஜினல்? கவுன்ட்டரில் அந்த வார்த்தைக்கு நான் கண்ட அர்த்தங்கள் பல. அந்தக் காலத்தில் கம்பெனிக்கே சப்ளை செய்தவர் இன்றும் செய்கிற சாமான். அல்லது, யாரோ ஒரு டீலரின் பரணில் முப்பது வருஷம் தூங்கிய பழைய ஸ்டாக். அல்லது, புதுப்பேட்டையில் வேறொரு ஃபியட்டின் வயிற்றிலிருந்து எடுத்தது. அல்லது, வெறும் நம்பிக்கை. இது போதாதென்று 'கம்பெனி அயிட்டம்' என்று ஒன்று. எந்தக் கம்பெனி என்று கேட்டால், "கம்பெனிதான் ஸார்" என்பார்கள். உலகத்தில் கம்பெனி இல்லாமல் செய்யப்பட்டது என்ன இருக்கிறது?

(புதுப்பேட்டை பற்றி அந்தப் பழைய ஜோக் உங்களுக்கும் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் உங்கள் வீல் கப்பை உங்களுக்கே விற்பார்கள் என்பது. எனக்கு அப்படி நடந்ததில்லை. அங்கே சாமானைக் கையில் கொடுத்து, "நல்லாப் பாத்துக்க தம்பி, அப்புறம் வந்து நிக்காத" என்கிறார்கள். அந்த வகையில் நேர்மையான மார்க்கெட்.)

பாயிடம் ஒரு நாள் கேட்டேன். "அந்தக் காலத்துல மட்டும் எப்படி பாய் சாமான் நல்லா இருந்துச்சு?"

"யார் சொன்னது? அப்பவும் டூப்ளிகேட் உண்டு. ஆனா அப்ப டாக்ஸி இருந்துச்சு."

எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆனது. புரிந்தபோது, மூன்று வருஷம் காமர்ஸ் படித்ததற்கு இப்போதுதான் பலன் என்று தோன்றியது.

பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றால் பல வருஷம் இந்த வண்டிதான். டாக்ஸி ஒரு நாளில் ஓடும் தூரத்தை என் வண்டி ஓட ஒரு மாசம் ஆகும். மட்டமான ரப்பரை டாக்ஸிக்காரருக்கு விற்றால் அடுத்த மாசமே கிழியும். அவர் அதே கவுன்ட்டரில் வந்து, அதே கப்பை வீசி, அம்மா அப்பா பெயரெல்லாம் சொல்லி விசாரிப்பார். கடைக்காரர் அதே சூட்டோடு சப்ளையரை விசாரிப்பார். அந்த வசவுதான் தர முத்திரை. இன்னொன்று: டாக்ஸிக்காரர்கள் வாங்கி வாங்கித் தீர்த்ததால் அலமாரியில் ரப்பர் கிழடாக நேரமில்லை. எப்போதும் புது ஸ்டாக்.

பம்பாயில் டாக்ஸிக்கு ஆயுள் இருபது வருஷம். கடைசிப் பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபரில். 2023 அக்டோபரோடு அதன் கணக்கும் முடிந்தது. பத்திரிகைகளில் உருக்கமாக எழுதினார்கள், நானும் உருகினேன். ஆனால் டாக்ஸியோடு சேர்ந்து அந்த வசவும் போய்விட்டது என்று நான் யோசிக்கவில்லை.

இப்போது இந்தச் சாமான்களை வாங்குபவர்கள் யார்? என்னைப் போன்ற ஆசாமிகள். மாசத்துக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்து, துடைத்து, போட்டோ எடுத்து, தெருமுனை வரை போய் வருகிறவர்கள். மட்டமான சாமான் நம்மிடம் மட்டம் என்று தெரியவே ஏழு மாசம், ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் பில் தொலைந்துபோகும். கடைப் பையன் வேறு வேலைக்குப் போயிருப்பான். திட்டுவதற்கு ஆளில்லாத இடத்தில் தரம் எங்கே நிற்கும்?

இதை ஒரு பெரிய மனிதர் எனக்கு முன்பே யோசித்துவிட்டார். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் எலுமிச்சம்பழச் சந்தை என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் ஊரில் ஓட்டை வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். விற்பவனுக்குத் தரம் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எதற்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டுப்படியாகாது, கடையைக் கட்டிவிடுவான். மிஞ்சுவது எலுமிச்சம்பழம். இதற்கு 2001-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ஊரில் நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து வண்டியை ஏற்றுகிறோம். அவர் சொன்னது சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் எலுமிச்சம்பழத்தைப் பற்றி.

சரி, டாக்ஸிக்காரர் போனார். அவர் வேலையை யார் செய்வது? நானேதான்.

அம்மாவிடமிருந்து ஆரம்பித்தேன். வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்கமாட்டாள். தேங்காயைத் தட்டாமல் வாங்கமாட்டாள். கடைக்காரர் முறைப்பார். முறைத்தால் முறைக்கட்டும். நான் மட்டும் 900 கிலோ வண்டியை நிறுத்தும் சாமானைப் பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் வாங்கி வந்திருக்கிறேன்!

இப்போது கவுன்ட்டரிலேயே பிரிக்கிறேன். கப்பின் ஓரம்தான் எண்ணெயை அடைக்கிற இடம். அங்கே அச்சிலிருந்து வழிந்த ரப்பர் பிசிறு இருந்தால் வேண்டாம். முதுகில் பிசிறு இருந்தால் பரவாயில்லை. ஓரத்தை விரலால் மடக்கினால் விரிசல் தெரியக்கூடாது. விட்டால் உடனே நிமிர வேண்டும், சோம்பேறி மாதிரி மெதுவாக எழுந்திருக்கக்கூடாது. அளவு முதுகில் அச்சாகியிருக்கும். அதை நம்பாமல் வெர்னியர் வைத்துப் பார்க்கிறேன். பில் தொகையைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிற ஜாதி நான். இதில் கூச்சம் எதற்கு?

ஆனால் உப்புமா உப்பாதா என்று கண்ணால் தெரியாது. அதற்கு வீட்டுப் பரீட்சை. ஒரே கவரில் ரெண்டு கப் வரும். ஒன்றை அளந்து, சின்ன ஜாம் பாட்டிலில் பிரேக் ஆயில் ஊற்றி அதில் போட்டு மூடி வைக்க வேண்டும். மற்றதை வெளியே. ஒரு வாரம் கழித்து ரெண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் பெருப்பது சகஜம். கொண்டைக்கடலை ஆனால் மொத்தக் கவரும் குப்பைக்கு. மூடி முக்கியம், இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' என்று போட்டிருக்கும் ஆயில், புதுசில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. அதனால்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார் பாய்.

பாட்டிலை ஃபிரிட்ஜ் தலையில் வைத்திருந்தேன். மாமனார் வந்தவர், தேன் என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, என் பீரோவுக்குள் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். மாமனார் இப்போது எங்கள் வீட்டில் காபி குடிப்பதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறார்.

மற்ற சாமான்களுக்கும் இப்படி ஒவ்வொரு வித்தை உண்டு. தெர்மோஸ்டாட் என்றால் அடுப்பில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் மேல் அச்சடித்த டிகிரிக்குக் கிட்டத்தில் வாய் திறந்தால் பாஸ். பித்தளை புஷ் என்று விற்றால் பாக்கெட்டில் ஒரு காந்தம். ஒட்டினால் அது பித்தளை முலாம் போட்ட இரும்பு. போல்ட் என்றால் ஸ்பானரைத் தொடாமல் கையாலேயே கடைசிவரை இறங்க வேண்டும். ரெண்டு சுற்றில் இறுகினால் மரை வேறு. ஃபியட் மில்லிமீட்டர் வண்டி, அம்பாஸடர் இங்கிலீஷ்கார இஞ்ச் வண்டி. ஒன்றின் போல்ட்டை மற்றதில் முறுக்கித் திணித்தால் போகவும் போகும், அப்புறம் வரவே வராது.

கண்டன்ஸர் என்று சுண்டுவிரல் அளவில் ஒரு டப்பா இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரோடு இருக்கும். இது மட்டமாக இருந்தால் வண்டி வீட்டிலிருந்து ஜம்மென்று கிளம்பும். சூடானதும் சிக்னலில் நிற்கும். நாலு பேர் தள்ளி ஓரம் கட்டி, பாய் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும், மறுபடி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். பாய் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆகவே கண்டன்ஸரைக் குளிர்ச்சியில் மட்டும் மீட்டரில் பார்த்தால் போதாது. 0.2 மைக்ரோஃபாரட் சுமாருக்குக் காட்டும். நல்ல பிள்ளை. அப்படியே மனைவியின் ஹேர் டிரையரை அதன் மேல் பிடித்துச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டும். வாங்கிய மூன்றில் ஒன்று அங்கேயே உயிரை விட்டது. "என்னோட ஹேர் டிரையர்ல இதுவரைக்கும் தலைமுடியைத் தவிர எல்லாத்தையும் காய வெச்சாச்சு" என்பது இல்லத்தரசியின் புகார்.

பிஸ்டன் கதை தனி. நாலு பிஸ்டன் செட்டாக வாங்கினேன். நாலும் எடையில் ரெண்டு மூணு கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் சலங்கை கட்டி ஆடும். வீட்டுத் தராசு சரியில்லை. பேசாமல் தெருமுனை அடகுக் கடைக்கு எடுத்துப்போனேன். சேட்டு முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எவ்ளோ வேணும்?"

"பணம் வேணாம் சேட்டு, எடை போட்டுச் சொல்லுங்க, போதும்."

மூன்று பிஸ்டன்கள் அண்ணன் தம்பி. நாலாவது 11 கிராம் கூடுதல். பெட்டி பிரிக்காத பெட்டிதான், ஸ்டிக்கர் கிழியவில்லை. ஆனால் உள்ளே யாரோ வேறு வீட்டுப் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். பாய் இதனால்தான் காலிப் பெட்டியை முழுசாகத் தூக்கிப் போடமாட்டார், நாலாகக் கிழித்துத்தான் போடுவார். நல்ல பெட்டிக்கு வெளியே விலை உண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்ப பழைய ஸ்டாக்கே உத்தமம்" என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பரணில் தூங்கிய பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் ஒன்று கிடைத்தது. 1980-களின் சரக்கு, அழகான பழைய அட்டைப்பெட்டி, பெட்டியையே ஷோகேஸில் வைக்கலாம். மாட்டினேன். நாலே மாசத்தில் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாசம். டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் கீழே எஞ்சினுக்குள் இறங்கிவிட்டது. ரப்பர் பெட்டிக்குள் தூங்கினாலும் அதற்கு வயசு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தவிர, அது பிறந்த காலத்துப் பெட்ரோல் வேறு. 2023-ல் ஆரம்பித்து இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்த டயாஃப்ரத்துக்கு எத்தனால் என்றால் என்னவென்றே தெரியாது, பாவம். எத்தனால் தாங்கும் ரப்பரில் இன்றைக்குச் செய்த டயாஃப்ரம் சாதாரணக் கவரில் வருகிறது, அழகாக இல்லை. அதுதான் இப்போது வண்டியில் ஓடுகிறது. பழைய ஸ்டாக்கில் இரும்பு, பித்தளை, கண்ணாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். ரப்பர் என்றால் கும்பிடு.

எல்லாவற்றுக்கும் இப்படி மைக்ராஸ்கோப் வைத்தால் குடும்பம் நடத்த முடியாது. வீல் கப், ஹாரன் பட்டன், டாஷ்போர்டு குமிழ், ஜன்னல் கைப்பிடி எல்லாம் எது மலிவோ அதுதான் வாங்குகிறேன். உடைந்தால் அவமானம், அவ்வளவுதான். அவமானம் நமக்குப் பழக்கம். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் ஹோஸ், இந்த மூன்றிலும் 'மாதிரி' கிடையாது.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. சாவியை என்னிடம் கொடுத்த நாளில் அவர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னையும் கொடுத்தார். திறந்தால் பழைய சாமான்கள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, கல்யாணப் பத்திரிகையை வெட்டின அட்டையில் தேதி: 'இடது முன் வீல், 14.3.98'. "பழசு கையில் இல்லாம புதுசு வாங்கப் போகாதே" என்றார். கிழவர் சென்டிமென்ட் என்று நினைத்துப் பாதியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். மீதியைப் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம். ஜி.பி. ரோட்டுக்குச் செல்போன் போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். போட்டோவில் கனம் தெரியுமா, கெட்டி தெரியுமா, அளவுதான் தெரியுமா?

கோடம்பாக்கம் பாலத்துக்குப் பிறகு அப்பா வண்டியில் ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கிளம்பும்போதெல்லாம், "நீங்க போங்க, எனக்கு முதுகு வலி" என்றார். மூன்று மாசமாக ஒரே முதுகு வலி.

போன மாசம் நாலு சக்கரத்துக்கும் புதுக் கிட் வாங்க அதே கவுன்ட்டருக்குப் போனேன். ஒரு கையில் டின்னில் மிச்சமிருந்த பழைய கப், இன்னொரு கையில் வெர்னியர். அதே பையன். முதல் கவரைப் பிரித்து ஓரத்தை மடக்கிப் பார்த்து, "வேணாம்" என்றேன். ரெண்டாவதில் பிசிறு, "வேணாம்". மூன்றாவதை முகர்ந்து பார்த்தேன். பையன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"ஸார், நீங்க டாக்ஸியா?"

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

பையன் உள்ளே போய், வேறொரு டப்பாவிலிருந்து வேறு கவர்கள் கொண்டுவந்தான். ஜாம் பாட்டிலில் ஒரு வாரம் ஊறவைத்து, அளந்து, பாயிடம் கொடுத்தேன். மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாசலுக்கு வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, மிதித்தபடியே கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருந்தார். பெடல் இறங்கவில்லை. இறங்கி, டார்ச் அடித்து நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பாய் கழற்றி வைத்திருந்த பழைய கப்புகளை எடுத்து நூல் கட்டி, அட்டையில் தேதி எழுதி, டின்னில் போட்டு மூடினார்.

அப்புறம் உள்ளே போனவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"கோடம்பாக்கம் பாலம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமா?"

"முதுகு வலிப்பா?"

"வண்டியை எடுடா."